உடையாத தட்டை

ஸ்ரீரங்கம்,
2 ஜூலை 2023

அன்புள்ள கோதாவுக்கு மன்னியின் ஆசிகள். பெருமாள் கிருபையில் நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் காது எப்படி இருக்கிறது? புது மிஷினில் பேச்சைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைக் கழற்றிப் போட்டுவிட்டாயா, இல்லை உன் பிள்ளை ஜகன்னாத்துக்காக இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறாயா?

வீடியோவில் வரச் சொல்லி அவன் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறாய். நான் கத்தினாலும் உனக்குக் கேட்பதில்லை, அடுத்தாத்து மாமிக்குத்தான் நம் குடும்ப விஷயமெல்லாம் தெரிகிறது. கடிதமே நமக்குச் சரி.

ஒரு செய்தி. உன் அண்ணா பள்ளிக்கூடம் போகிறார். சிரிக்காதே, நானும்தான் போகிறேன். திருச்சியில் புத்தூர் பக்கம் ஒரு மாதாகோயில் ஹாலில் சனிக்கிழமைதோறும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ரோசரி என்று ஒரு ரிடையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் நடத்துகிறார். எல்லா ஜனமும் வருகிறது. பரீட்சை கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சட்டமும் உண்டு. தம்பதிகள் சேர்ந்து உட்காரக் கூடாது. இவர் என் ஆத்துக்காரர், நான் இன்னாருடைய மனைவி என்றெல்லாம் சொல்லவும் கூடாது. ரோசரி அம்மா சொல்கிறார்: "இத்தனை வருஷமா வீட்ல அப்பா, அம்மா, மாமியாராவே இருந்துட்டீங்க. இங்க உங்க பேரு மட்டும் போதுங்க." ஆகையால் வாராவாரம் எழுந்து நின்று பெயரையும், என்ன சொல்லித் தருவோம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். பாதிப் பேருக்குப் போன வாரத்துப் பெயர் நினைவிருப்பதில்லை என்பதால் யாருக்கும் சலிப்பதும் இல்லை.

என் முறை வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. "சத்யபாமா. காபி போடுவேன்" என்றேன். ஹாலே சிரித்தது. அன்றிலிருந்து நான் அங்கே காபிக்கும் பலகாரத்துக்கும் தொண்டர். உன் அண்ணா என்ன சொன்னார் தெரியுமா? "ஸ்ரீனிவாசராகவன். தண்ணீர் பத்திச் சொல்வேன்." மனிதர் நாலு பேர் நடுவில் வாயைத் திறந்ததே எனக்கு ஆச்சரியம்.

போன மாதம் ஒருநாள் தனியாக வெளியே போனவர் திரும்பி வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவரைச் சும்மா ஆத்தில் உட்கார வைக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மன்னி,
சத்யபாமா


புனே,
20 ஜூலை 2023

மன்னிக்கும் அண்ணாவுக்கும் கோதாவின் நமஸ்காரங்கள். இங்கே விடாமல் மழை. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

மிஷின் பெட்டிக்குள் இருக்கிறது. ஜகன்னாத் ஆபீசிலிருந்து வருகிற நேரத்துக்கு எடுத்து மாட்டிக்கொள்வேன், அவனுக்கும் ஒரு திருப்தி. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள ஒரு டீச்சரிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். டி.வி. சத்தத்தை நிறுத்திவிட்டுத் தமிழ் சீரியல் பார்க்கிறேன். அழுகிறவர்கள் பேச்சுதான் புரிவது கஷ்டம்.

அண்ணா எழுந்து நின்று பேசினாரா! என் கல்யாணத்தில் சம்பந்தி வந்து க்ஷேமம் விசாரித்ததற்கே தலையை மட்டும் ஆட்டினவர் ஆயிற்றே. எனக்குக் காது போக ஆரம்பித்த பிறகு அந்தத் தலையாட்டலும் போயிற்று. "உன்கிட்ட கத்த முடியலைடி" என்று ஒருதரம் சலித்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டார். அப்படிப்பட்டவரைப் பேச வைத்த ரோசரி அம்மாவுக்கு என் சார்பில் ஒரு கும்பிடு போடுங்கள்.

அது போகட்டும், தனியாக எங்கே போனார்? ஏன் தாமதம்? நீங்கள் "வேறொன்றும் இல்லை" என்று எழுதினால் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். வைகுண்ட ஏகாதசிக்கு வருவதாக இருக்கிறேன். அண்ணாவிடம் சொல்லுங்கள்.

கோதா


ஸ்ரீரங்கம்,
8 ஆகஸ்ட் 2023

அன்புள்ள கோதாவுக்கு ஆசிகள். இங்கு க்ஷேமம். பதினெட்டாம் பெருக்கு ஆயிற்று. அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. சித்ரான்னம் கட்டிக்கொண்டு போனோம், பாதியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது.

உன் அண்ணா பாடம் எடுத்துவிட்டார். முக்கொம்பு அணையில் அத்தனை வருஷம் எஞ்சினியராக இருந்தாரே, அதைப் பற்றித்தான். போர்டில் சாக்பீஸால் ஆற்றை வரைந்து, காவிரியும் கொள்ளிடமும் எங்கே பிரிகின்றன, நடுவில் நம் ஸ்ரீரங்கம் எப்படித் தீவாக நிற்கிறது, வெள்ளம் வந்தால் எந்த மதகைத் தூக்குவார்கள் என்றெல்லாம் சொன்னார். பக்கத்து பெஞ்சில் அற்புதசாமி என்று ஒரு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர். அவர் ஏதோ கேட்க, இவர் பதிலுக்கு ஒன்று சொல்ல, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

நான் காபி டம்ளர்களை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வயிறு எரிந்தது கோதா. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? எங்களுக்குக் குழந்தை இல்லை, ஆத்தில் இருப்பது இரண்டே பேர். என்னிடம் இந்த மனிதர் காபி, சாதம், மருந்து தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. முக்கொம்பில் மதகு இருக்கிறது என்பதையே நான் அந்த ஹாலில்தான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் வகுப்புக்காகத் தட்டை தட்டுகிறேன். முழுசையெல்லாம் டப்பாவில் அடுக்கிவிட்டு உடைசலை வழக்கம்போல் நான் தின்கிறேன். ஹஃப்ஸா என்று ஒருத்தி, தையல் சொல்லித் தருகிறவள், என் தட்டைக்காகவே வருவதாகச் சொல்கிறாள். உன் அண்ணாவும் லேசுப்பட்டவர் இல்லை. போன வாரம் சட்டையைத் தோய்க்கப் போட்டால் பையில் காகிதம் சுற்றிய தட்டை ஒன்று நனைந்து கூழாகிக் கிடக்கிறது. ஆத்தில் கேட்டால் தர மாட்டேனா? திருட்டுத்தனம் பண்ணுகிற வயசா இது?

ஏகாதசிக்குக் குளிர் இருக்கும். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வா.

மன்னி


புனே,
28 ஆகஸ்ட் 2023

மன்னிக்கு நமஸ்காரம். நலம்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இரண்டு நாள் முன்பு எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் நம் உறவுக்காரப் பெண் மாலினி எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். ஜூன் மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணாவைப் பார்த்தாளாம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். எந்த பஸ் என்று கேட்டதற்கு, "அதான் யோசிச்சுண்டிருக்கேன்" என்றாராம். அவள்தான் ஆட்டோவில் ஆத்தில் கொண்டுவந்து விட்டாளாம். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டீர்களாம்.

அவர் எனக்கு அண்ணா. நீங்கள் இந்த ஆத்துக்கு வருவதற்கு முன்னாலிருந்தே அண்ணா. எனக்குச் சொல்லுங்கள்.

கோதா


ஸ்ரீரங்கம்,
9 அக்டோபர் 2023

அன்புள்ள கோதாவுக்கு ஆசிகள். நான் சௌக்கியம். உன் அண்ணா சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

இத்தனை நாள் பேனாவை எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எடுத்தேன், எழுத வரவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

அவருக்கு மறதி நோய். டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். கூடிக்கொண்டுதான் போகும், குறையாது என்றார். அந்த பஸ் ஸ்டாண்டுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. குளித்துவிட்டு வந்து மறுபடி குளிக்கப் போவார். திருமண் இட்டுக்கொள்ளும் பெட்டியை எங்கே வைத்தேன் என்று கையில் வைத்துக்கொண்டே தேடுவார். ரோசரி அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "அதுக்கென்னங்க, நாங்க எல்லாருமே வாராவாரம் பேர் சொல்லித்தானே உட்கார்றோம்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அங்கே போக ஆரம்பித்தேன்.

இப்போது புதிதாக ஒன்று. போன மாதம் வகுப்பில் அவரிடம் காபி டம்ளரை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு, "காபி பேஷா இருக்கு மேடம். எங்காத்துலயும் இப்படித்தான் போடுவா" என்றார். வகுப்புச் சட்டத்தை வைத்து என்னைக் கேலி பண்ணுகிறார் என்று நினைத்து நானும், "அப்படியா சார், உங்காத்து மாமி பேர் என்ன?" என்று கேட்டேன். "சத்யபாமா" என்றார். "அட, உங்க பேரும் அதேதானே!" என்று சந்தோஷப்பட்டார்.

அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் கேலி இல்லை.

அந்த ஹாலில் வாராவாரம் எழுந்து நின்று "சத்யபாமா, காபி போடுவேன்" என்று நான்தானே சொன்னேன்? அதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டார் கோதா. அங்கே நான் காபி மேடம். அவர் மனைவி ஸ்ரீரங்கத்தில் எங்கேயோ இருக்கிறாள்.

ஆத்தில் இன்னும் தெரிகிறது. பாதி நாள் தெரிகிறது.

மன்னி


புனே,
24 அக்டோபர் 2023

மன்னிக்கு நமஸ்காரம்.

படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஜகன்னாத் என்னவென்று கேட்டான். காது கேட்காதவள்தானே என்று கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த வகுப்பை நிறுத்துங்கள் மன்னி. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கட்டின மனைவியை மனைவி என்று சொல்லாதே, தள்ளி உட்கார் என்று ஒரு சட்டமா? நல்ல புத்தி உள்ளவனுக்கே அது குழப்பும். அண்ணாவுக்கு எப்படி இருக்கும்? நீங்கள்தான் அவரை அங்கே அழைத்துக்கொண்டு போனீர்கள். ஆத்திலேயே வைத்துக்கொண்டு, நீங்கள் யார் என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தால் மறக்க மாட்டார். கோபத்தில் எழுதவில்லை. கோபமும் இருக்கிறது.

எனக்கு இருப்பது ஒரே அண்ணா.

கோதா


ஸ்ரீரங்கம்,
28 நவம்பர் 2023

அன்புள்ள கோதாவுக்கு ஆசிகள். நான் இருக்கிறேன். அவரும் இருக்கிறார்.

நீ சொன்னபடி நிறுத்தினேன். நீ சொன்னதில் தப்பில்லை, எனக்கும் உள்ளுக்குள் அதேதான் அரித்துக்கொண்டிருந்தது. தீபாவளி முடிகிற வரைக்கும் எங்கேயும் போகவில்லை. காலையில் எழுந்ததும், "நான் சத்யபாமா, உங்க ஆத்துக்காரி" என்பேன். கல்யாண போட்டோவைக் காட்டுவேன். முதலில் சரி சரி என்று தலையாட்டினார். பிறகு கோபம் வந்தது. "என் ஆத்துக்காரி சின்னப் பொண்ணு. நீங்க யாராத்து மாமி? எப்ப கிளம்பப் போறேள்?" என்று கேட்டார். நான் போட்ட சாதத்தைத் தொடவில்லை. தெரியாதவள் கையால் எப்படிச் சாப்பிடுவது என்று அப்படியே தள்ளி வைத்தார். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சனிக்கிழமை ஆனால் மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்பார். கதவை நான் பூட்டி வைத்திருப்பேன்.

கடைசியில் அற்புதசாமியும் ரோசரி அம்மாவும் ஆத்துக்கே வந்துவிட்டார்கள். அற்புதசாமியைப் பார்த்ததும் உன் அண்ணா எழுந்து நின்று, "ஸ்ரீனிவாசராகவன். தண்ணீர் பத்திச் சொல்வேன்" என்றார். நான் பூட்டைத் திறந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை போனோம். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் என்னை விட்டுத் தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வந்தார். ஹாலில் நான் காபியை நீட்டியதும் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? "மேடம்! எங்கே ரொம்ப நாளாக் காணோம்? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எனக்கு உடம்பு சரியில்லையா என்று இந்த மனிதர் கேட்டு நான் கேட்டதே இல்லை. அவர் மனைவியாக நான் இல்லாத ஒரே இடத்தில்தான் என்னைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வருகிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

தட்டைத் திருட்டும் வெளியே வந்துவிட்டது. தாம்பாளத்தைக் கொண்டுபோனால் ஒன்றை எடுத்துக்கொண்டு, "இன்னொண்ணு எங்காத்துக்கு, எடுத்துக்கலாமா மேடம்?" என்று அனுமதி கேட்கிறார். எனக்குத்தான். நான் தட்டின தட்டை, நான் நீட்டுகிறேன், எனக்காக எடுத்துக்கொண்டு போகிறார். ஆத்துக்கு வந்தால் மறந்துவிடுகிறது, பையிலேயே தூளாகிவிடுகிறது. ஆனால் லேசில் எடுக்க மாட்டார். தாம்பாளத்தில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிற மாதிரி பார்க்கிறாரு" என்று ஹஃப்ஸா சிரிக்கிறாள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. மறதியோடு இது ஒரு புது வழக்கம் போலிருக்கிறது.

நீ வா. வந்து நேரில் பார். அப்புறமும் நிறுத்து என்று சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

மன்னி


புனே,
8 ஜனவரி 2024

மன்னிக்கு கோதாவின் அநேக கோடி நமஸ்காரங்கள். பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் குளிர் அதிகம், நீங்கள் சொன்ன ஸ்வெட்டர் கை கொடுத்தது.

கிளம்பும்போது உங்களிடம் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். பேசினால் பதிலுக்கு உங்கள் உதட்டைப் பார்க்க வேண்டும், உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எழுதுகிறேன்.

ஆத்தில் நான் இருந்த நாளெல்லாம் அண்ணா என்னை யாரோ விருந்தாளி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். சொர்க்கவாசல் கூட்டத்துக்கு நடுவில் கையைப் பிடித்தேன், மரியாதையாக விடுவித்துக்கொண்டார். அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு வந்தேனே, ஹாலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்ததே, அங்கே நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் அப்போது உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தீர்கள்.

சட்டப்படி நானும் எழுந்து நின்றேன். "கோதா. காது கேட்காது. காது கேட்காதவாகிட்ட எப்படிப் பேசணும்னு சொல்லித் தருவேன்" என்றேன். கத்த வேண்டாம், முகத்துக்கு நேரே நின்று நிதானமாகச் சொல்லுங்கள், கையால் வாயை மறைக்காதீர்கள், அவ்வளவுதான் என் பாடம். முடிந்ததும் அண்ணா என்னிடம் வந்தார். என் முகத்துக்கு நேரே நின்று, நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "எனக்கு ஒரு தங்கை இருக்கா. கோதான்னு பேர். பூனாவுல இருக்கா. அவளுக்கும் காது கேட்காது, பாவம். இனிமே அவகிட்ட இப்படிப் பேசறேன்."

ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது மன்னி. "பேசுங்கோ, அவ சந்தோஷப்படுவா" என்றேன்.

இன்னொன்று. நீங்கள் தாம்பாளத்தைக் கொண்டுவந்தபோது நான் ஹாலின் அந்தப் பக்கத்தில் இருந்தேன். அண்ணா புரட்டிப் புரட்டித் தேடினார், நீங்கள் பொறுமையாக நின்றுகொண்டிருந்தீர்கள். ஒன்றை எடுத்துக்கொண்டதும் நீங்கள் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டீர்கள். அப்போது அற்புதசாமி அவரிடம் ஏதோ கேட்டார். அண்ணா சொன்ன பதிலை அங்கிருந்தே நான் பார்த்தேன். அப்படியே எழுதுகிறேன்: "முழுசா ஒண்ணு தேடினேன். எங்காத்துல அவ எனக்கு முழுசைப் போட்டுட்டு எப்பவும் உடைஞ்சதைத்தான் தின்பா. ஒரு நாளாவது அவளுக்கு முழுசு கொண்டுபோய்க் குடுக்கணும்."

வகுப்பை நிறுத்தாதீர்கள். நான் எழுதின அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

கோதா


ஸ்ரீரங்கம்,
22 ஜனவரி 2024

கோதாவுக்கு ஆசிகள்.

உன் கடிதம் வந்தது. உடைசல் தின்பதை அவர் பார்த்திருக்கிறார். நான் அடுப்பு மேடைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் தின்பேன்.

அவருக்கு ஜுரம். மார்ச்சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. அற்புதசாமி ராத்திரிக்குக் கூட இருக்கிறார். பயப்படும்படி இல்லை என்கிறார்கள். பெருமாளுக்கு வேண்டிக்கொள்.

மன்னி


ஸ்ரீரங்கம்,
11 மார்ச் 2024

அன்புள்ள கோதாவுக்கு மன்னியின் ஆசிகள். நான் சௌக்கியம். நீ உன் முழங்காலோடு மறுபடி ரயிலேற வேண்டாம், அவசரம் என்றால் நானே ஜகன்னாத்துக்குச் சொல்கிறேன்.

உன் அண்ணா ஆத்துக்கு வந்துவிட்டார். ஆனால் படுக்கைதான். கால் நிற்கவில்லை. டாக்டர் கணக்கு எதுவும் சொல்லவில்லை, "பக்கத்துல இருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

அவர் போக முடியாததால் வகுப்பு இங்கே வருகிறது. சனிக்கிழமை மத்தியானம் நாலைந்து பேர் வந்து கட்டிலைச் சுற்றி உட்காருகிறார்கள். ரோசரி அம்மா இங்கேயும் சட்டத்தை விடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்கிறார்கள். இவர் முறை வரும்போது எல்லோரும் காத்திருப்பார்கள். உதடு அசையும். சில நாள் சத்தம் வரும், சில நாள் வராது. அற்புதசாமி ஸ்லேட்டில் ஆற்றை வரைந்து மடியில் வைப்பார். இவர் விரலை வைத்துக் கொள்ளிடக் கரையோடு நடத்திக்கொண்டே போவார்.

நான் யார் என்று சொல்லுவதை விட்டுவிட்டேன். காலையில் டம்ளரை எடுத்துக்கொண்டு கட்டிலருகில் நின்று, "சத்யபாமா. காபி போடுவேன்" என்கிறேன். "வாங்கோ மேடம்" என்கிறார். என் கையால் குடிக்கிறார், சாப்பிடுகிறார். துடைத்துவிட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு, "உங்களுக்கு ரொம்ப சிரமம்" என்கிறார். அவருக்கு மனைவியாக இருந்தபோது கிடைக்காத மரியாதையெல்லாம் காபி மேடத்துக்குக் கிடைக்கிறது. எனக்கு அது வேண்டாம் கோதா. ஒரு தடவை "அடியே" என்று அதட்டினால் போதும் என்றிருக்கிறது. உறவு சொல்லி என்னைக் கூப்பிட இப்போது நீ ஒருத்திதான் இருக்கிறாய். மன்னி, மன்னி என்று நாலு தடவை அதிகமாகப் போட்டு எழுது.

இந்தச் சனிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் தட்டை கொடுத்தேன். அவருக்குக் கடிக்க முடியாது, பாலில் ஊறவைத்துத்தான் கொடுக்கிறேன். இருந்தாலும் தாம்பாளத்தை அவர் முன்னால் கொண்டுபோனேன். படுத்தபடியே ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஹஃப்ஸா இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஓரம் சிதையாத ஒன்றைத் தேடி எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "மேடம், ஒரு உபகாரம். இன்னிக்கு என்னால ஆத்துக்குப் போக முடியலை. நீங்க அந்தப் பக்கம்தானே போறேள்? இதை எங்காத்துல குடுத்துடறேளா? உடையாம எடுத்துண்டு போங்கோ."

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். "குடுத்துடறேன் சார்" என்றேன்.

சமையலறைக்குப் போய் அடுப்பு மேடை பக்கம் நின்றேன். தட்டை முழுசாகத்தான் இருந்தது. பல்லில் வைக்க மனசு வரவில்லை. ஆனால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றுதானே கேட்டார். சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல், அழுததால் அப்படித் தெரிந்ததோ என்னவோ. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன்.

கண்ணை மூடாமல் காத்துக்கொண்டிருந்தார்.

"குடுத்தேளா?"

"குடுத்தேன்."

"என்ன சொன்னா?"

நீ சொல்லிக்கொடுத்தபடி அவர் முகத்துக்கு நேரே குனிந்து, நிதானமாகச் சொன்னேன்.

"சீக்கிரம் ஆத்துக்கு வரச் சொன்னா."

"வரேன்னு சொல்லுங்கோ" என்றார்.

உன் மன்னி,
சத்யபாமா